ஒரு நொடி முன்னால்

போன மார்கழியில், காட்பாடியில்,
ஒரு பள்ளிக்கூடத்து சைக்கிள் கொட்டகையில் நாடகம்.
முடிந்ததும் மைக்கை நீட்டினார்கள்,
யாராவது கருத்துச் சொல்லுங்கள் என்று.
எழுந்தேன்.
கைவசம் ஒரு வாக்கியம் இருந்தது.
இரண்டாம் காட்சியிலேயே கிடைத்துவிட்டது.
அதற்குப் பிறகு நாடகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை,
வாக்கியத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“இந்த நாடகத்தில் விளக்கு
இருட்டுக்குக் காவல் இருக்கிறது.”

சிரித்தார்கள்.
இயக்கிய பரிமளகாந்தி, தாலுகா ஆபீஸ் தட்டச்சர்,
தலையாட்டிக் குறிப்பெடுத்துக்கொண்டாள்.
பாகாயம் போகும் கடைசி பஸ்ஸில்
அந்த வரியை எனக்கு நானே
இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.
இருநூறு பிரதி அச்சாகும் பத்திரிகையில்
தடித்த எழுத்தில் வந்தது.

இன்றைக்கு என் முறை.
கொசப்பேட்டையில் ஒரு மண்டபத்து மாடி.
சித்திரை வெயில் ராத்திரியிலும் சுவருக்குள் இருந்தது.
வசனம் கேட்க வேண்டுமே என்று
மின்விசிறிகளை நிறுத்தியிருந்தோம்.
நாற்பத்தொரு பேர் எனக்காக வியர்த்தார்கள்.
ஒன்பது பேர் சொந்தக்காரர்கள்.
இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு எதிர் லாட்ஜில் தங்கியிருக்கும்
வங்காளிகள்; இலவசம் என்பதால் வந்து
ஒரு சொல் புரியாமல்
கடைசிவரை எழாமல் இருந்தவர்கள்.

முதலில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் பேசினார்,
முப்பது வருஷத்துக்கு முன் திருச்சியில் தான் பார்த்த
வேறொரு நாடகத்தைப் பற்றி, பத்து நிமிஷம்.
நன்றி ஐயா என்றேன்.
மூன்றாம் வரிசையில் கை உயர்ந்தது.
பரிமளகாந்தி.
வட்டியோடு வரும் என்று தெரியும்.
பதிலுக்கு ஒன்றை நானும்
உறையிலிருந்து பாதி உருவி வைத்திருந்தேன்.

“ஸ்கேன் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவர்
ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு
நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்.
பதினோரு நாள் காத்திருந்தவர் அப்படி உட்காரமாட்டார்.
ஃபைல் மேலேயே சாய்ந்திருப்பார்.”

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

அது வேண்டுமென்றே செய்தது, ஒரு குறியீடு என்றேன்.
அந்த வேஷம் கட்டிய முனாவர்,
பேரணாம்பட்டில் தோல் வெட்டுகிறவர்,
என் பக்கம் திரும்பாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.
ஒத்திகையில் இதையே அவர் கேட்டிருந்தார்.
கடைசி வரிசையில் அந்த இரண்டு பேர்
எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்று
யாராவது என்னைக் கேட்டிருந்தால்
சொல்லத் தெரிந்திருக்காது.
நான் தலைகளைத்தான் எண்ணியிருந்தேன்.

கூட்டம் கலைந்தபின்
சவுண்ட் சர்வீஸ் இஸ்ரவேல் விளக்குகளை இறக்கினான்.
“காட்பாடியிலயும் நான்தான் சார் லைட்டு.
காவல் இருக்குதுன்னு சொன்னீங்களே,
சூப்பரா இருந்துச்சு சார்.
என் தங்கச்சி இன்னிவரைக்கும் அத சொல்லிக்கினு கிண்டல் பண்ணுது.
அன்னிக்கு இன்னா ஆச்சுன்னா,
ரெண்டு ஹாலஜன்ல ஒண்ணு
ஃபர்ஸ்ட் சீன்லயே போய்ட்சு.”

புகார் இல்லை. பாலாற்றில் தண்ணி இல்லை
என்பது போல ஒரு தகவல்.
மன்னிப்புக்கும் ஒரு வாக்கியம் எனக்குள்
மெருகேறத் தொடங்கியது.
பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“இன்னிக்கு எப்படி சார்?”
முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாக
ஒயரைச் சுற்றிக்கொண்டே கேட்டான்.
நல்லா, என்று ஆரம்பித்தேன்.
சுற்றுகிற கை நின்றது.

“கடைசியில் முனாவர் கதவுப் பக்கம் திரும்புகிறாரே,
அங்கே ஒரு நொடி முன்னாலேயே அணைச்சுட்ட.
முகம் தெரியலை.”

“ஆமா சார். வேர்வை. சுவிட்சு வழுக்கிட்சு.”
மறுபடி சுற்றினான்.
ஏணியை மடக்கித் தோளில் ஏற்றினான்.
படியிறங்கும்போது, கீழிருந்து:

“ஒரு நொடி இல்ல சார். ரெண்டு.”